கோணல் சுவர்

மழை பொய்த்த வருஷம் பஞ்ச நிவாரண வேலை என்று பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். சர்க்கார் சும்மா கஞ்சி ஊற்றுமா? சுவர் முடிந்தால் கஞ்சியும் முடிந்தது.

"கோணலாக் கட்டும். இடிச்சிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லுவாவ," என்றாள் கல் சுமந்த மாரிக்கிளி, கொத்தனாரான புருஷனிடம்.

கொத்தனார் சுடலைக்கண்ணு முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கோணலாகக் கட்டினான். கை கூசியது.

ஓவர்சியர் வந்து பார்த்தார். "எவன் வே நூல் பிடிச்சுப் பாக்கப் போறான்? வெள்ளையடிச்சிரும். நாளைலேருந்து ஒருத்தரும் வரவேண்டாம்."

அவர் போனதும் மாரிக்கிளி சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பின்னாலேயே நாலு பெண்கள் வந்து முட்டினார்கள். சுவர் அசையவில்லை.

"பாவி மனுசா, கலவையில சுண்ணாம்பையாவது குறைச்சிருக்கப்பிடாதா?"

சுடலைக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் சுருட்டி வைத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து முட்டினான்.