பன்னிரண்டாம் எண்

பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோல்வியே காணாத அந்த ஆண்டின் நினைவாக, பன்னிரண்டாம் எண்ணை இனி எந்த வீராங்கனைக்கும் வழங்குவதில்லை என்னும் தீர்மானம் மகளிர் கபடிக் குழுவின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த செல்லக்கனி மடியிலிருந்த துணிப்பையை இறுகப் பற்றினாள். அந்த எண் பொறித்த பனியன் அதற்குள் இருந்தது. மாற்று ஆட்டக்காரியாக அந்த ஆண்டு முழுவதும் அதை அணிந்து அவள் களத்தின் ஓரத்தில் காத்திருந்தாள். ஒருமுறைகூட உள்ளே அழைக்கப்படாததால் பனியனில் மண்கறையே இல்லை.

“அப்ப இந்த நம்பர யாரு போட்டிருந்தா?” என்று செயலாளர் கேட்டார்.

“யாரும் போடலய்யா. பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு,” என்றாள் அன்றைய அணித்தலைவி சந்தனமாரி. “எறங்கி ஆடுன ஏழு பேரு நம்பரும் எனக்கு மனப்பாடம்லா.”

“அப்ப நல்லதாப் போச்சு. யாருக்கும் மனத்தாங்கல் வராது.”

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் சந்தனமாரியின் கணுக்காலுக்குத் துணி சுற்றிக் கட்டியவள் செல்லக்கனிதான்.

தீர்மானத்தை ஆதரித்து மற்ற அனைவரும் கை உயர்த்தினர்; அவள் உயர்த்தவில்லை. “மறுப்பு உண்டா?” என்று செயலாளர் நிமிராமலே கேட்டபோது அவள் கை மேலே எழுந்தது. சந்தனமாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏட்டி கனி, நீ எப்பவும் பிந்திதான். இவளையும் ஆதரவுல சேத்து எழுதிக்கோங்கய்யா.”

செயலாளர் எழுதிக் கையொப்பமிட்டார். எல்லோரும் தேநீருக்கு எழுந்து சென்றனர். காலி நாற்காலிகளுக்குப் பின்னால் செல்லக்கனியின் கை இன்னும் இறங்கவில்லை.