ஒரே மாதிரி இரண்டு வரி

கிராமச் செவிலியர் மரகதவல்லிக்கு மென்பொருள் எழுதத் தெரியாது; வேண்டியதைக் கேட்கத் தெரியும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய தரவுதளக் கருவி ஒன்றில்தான் தடுப்பூசிப் பட்டியலை வைத்திருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கிப் பாதியிலேயே விரல் ஓய்ந்தபோது, எக்செல் பட்டியலை அப்படியே உள்ளே ஏற்ற ஒரு வசதி வேண்டும் என்று அவர்களுக்கே எழுதிவிட்டாள். பத்து நாளில் ஜெரால்டு என்ற தன்னார்வலர் அதைச் செய்து, சோதித்துப் பார்க்க அனுப்பினார். ஏற்றினாள். முந்நூற்றுப் பதினொன்றுதான் வந்தது.

"ஒரு வரி இரண்டு தடவை இருந்தது மேடம். அதுவே பார்த்து நீக்கிவிடும்," என்று பெருமையாக எழுதியிருந்தார் ஜெரால்டு.

நீக்கப்பட்ட வரியைத் தேடினாள். பெயர் வைக்கவில்லை, பெண், தாய் பூங்கோதை, அக்டோபர் ஒன்பது, இரண்டு கிலோ நூறு.

"நீக்கக் கூடாது. ஏற்றுகிறவரிடம் கேட்க வேண்டும்," என்று எழுதினாள்.

"எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதே மேடம். கேட்டால் மட்டும், இரண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

எதிர் பெஞ்சில் பூங்கோதை தோளுக்கொரு குழந்தையாகச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "முதல்ல எந்தப் பிள்ளைக்கு ஊசி போடுறீங்க சிஸ்டர்?"

"பிரசவத்தில் இரண்டையும் நான்தான் கையில் வாங்கினேன்," என்று ஜெரால்டுக்கு அனுப்பிவிட்டு, மரகதவல்லி கையை நீட்டினாள்.

"முழிச்சிருக்கிறதக் குடும்மா."