முன்கதவுப் பூட்டு

அடி தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போன எதிர்வீட்டு வசுமதி, புருஷன்மேல் கேஸ் போட்டு எட்டு வாய்தா ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கோர்ட் ஆள் நோட்டீஸோடு வந்து, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிக்கொண்டு போகிறார். அந்த மகராசனோ முன்கதவில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு, பின்வாசல் வழியாகப் போய் உள்ளே கிரிக்கெட் பார்க்கிறான். தெரு முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்கிறது.

நேற்று வசுமதி என்னைத் தேடி வந்தாள்.

“அக்கா, செவ்வாய்க்கிழமை வந்து ஜட்ஜ்கிட்ட இதைச் சொல்லிடுங்க. இந்தத் தடவையும் நோட்டீஸ் சேரலைன்னா கேஸ் தள்ளுபடியாம்.”

“ஐயோ, நான் எதைடி கண்டேன்?”

அவள் என் மாடி ஜன்னலுக்குப் போய், விரல் பட்டுப் பட்டே அழுக்கேறியிருந்த திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து விலக்கினாள். எதிர்வீட்டுப் பூட்டும் தெரிந்தது, பக்கச் சந்தின் கடைசியில் பின்வாசலும் தெரிந்தது.