பச்சை இதழுக்கு அடியில்

மின்விசிறிகளை நிறுத்தினார்கள்.

காற்று பட்டால் தராசின் எண் ஆடும். கோவை மாடித்தோட்டக்காரர்களின் ராட்சசத் தக்காளிப் போட்டியில் ஒரு கிராம் என்பது விளையாட்டில்லை.

பழத்தோடு போட்டிக்கு வந்திருந்த அவருக்குக் கழுத்தின் பின்னால் வியர்த்தது. வியர்வையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் மெழுகைப் பற்றி.

இந்த வெக்கைக்கு அது உருகுமா?

நேற்று மாலை தண்ணீர் விட்டிருக்கக் கூடாது. பறிப்பதற்கு முந்தின நாள் ஒரு சொட்டும் விடக் கூடாது, விட்டால் பழம் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? பத்து கிராம் கூடுமே என்று ஒரு குவளை விட்டார். பிறகு இன்னொரு குவளை. ஆசை யாரை விட்டது.

காலையில் பறித்தபோது, காம்பைச் சுற்றிய பச்சை இதழுக்கு அடியில் ஒரு வெடிப்பு. நகத்தளவுதான். தொட்டால் விரல் ஈரமானது.

சாறு கசியும் பழத்தைத் தராசில் ஏற்ற மாட்டார்கள். அதுதான் விதி.

நான்கு மாத உழைப்பு. எட்டுச் செடி, செடிக்கு ஒரே காய். மற்ற பூக்களையெல்லாம் தன் விரலாலேயே கிள்ளி எறிந்திருந்தார். மாடி நிறையத் தக்காளிச் செடி, ரசத்துக்குக் கடைத் தக்காளி என்று மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். காய் கனத்துத் தொங்கியபோது அவளுடைய பருத்திப் புடவை ஒன்றைக் கேட்காமல் கிழித்துத் தூளி கட்டினார். அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் மூன்றே கிராமில் தோற்றார். அதற்கு முந்தின வருடமும் இரண்டாம் இடம். இரண்டு முறையும் பிலோமினா டீச்சரிடம். இரண்டு முறையும் எடையைப் படித்த கையோடு, தோற்ற கோபத்தில் தன் பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். வீடு வரை ஸ்கூட்டரில் திட்டிக்கொண்டே போனார். யாரை என்று அவருக்கே தெரியாது.

அதனால்தான், பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய சிவப்பு மெழுகுவர்த்தி சமையலறை இழுப்பறையில் கையில் பட்டபோது, அவர் அதிகம் யோசிக்கவில்லை.

வெடிப்பின்மேல் உருகிய மெழுகு ஒரு துளி.

விரலால் தேய்த்தார். பச்சை இதழை அதன்மேல் படியவிட்டார்.

இப்போது நடுவர் அவருடைய பழத்தைக் கையில் எடுத்தார். வேளாண் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவசரம் என்பதே தெரியாத மனிதர். டிஷ்யூ காகிதத்தைப் பழத்தின் தோளில் வைத்து ஒற்றினார். திருப்பினார். ஒற்றினார். காம்பின் அருகே வந்தார்.



நடுவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

உலர்ந்திருந்தது.

டீச்சரின் பழம் ஏற்கெனவே ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். அவருடைய பழத்தை ஏற்றினார்கள். எண் ஓடியது, தயங்கியது, ஒன்று குறைந்தது, நின்றது.

ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து.

அதே மூன்று கிராம்.

மின்விசிறிகள் சுழன்றன. கைதட்டினார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோஷம்.

பிறகு ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கத்தி.

போட்டிக்கு வந்த மற்ற இருபத்தாறு பேரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் காகித உறை.

"இது எதுக்குங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? ஜெயிச்சவர்தான் பழத்தை அறுத்து எல்லாருக்கும் விதை தரோணும். வருசா வருசம் நடக்கறதுதானுங்க."

வருடா வருடம் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர் பாதி வழியில், ஸ்கூட்டரில், திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

உறைகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் பென்சிலால் அவருடைய பெயர். இங்கே விதைக்கு வளர்த்தவரின் பெயரைத்தான் வைப்பார்கள் போலிருக்கிறது. அடுத்த வருடம் இருபத்தாறு மாடிகளில் அவர் பெயர் காய்க்கும். வெடிக்காத பழத்தின் விதை என்று நம்பி விதைப்பார்கள்.

தராசிலிருந்து பழத்தை எடுத்து வந்தவர் பிலோமினா டீச்சர். இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பலகையில் வைக்கும்போது அவருடைய கட்டைவிரல் பச்சை இதழுக்கு அடியில் ஒரு கணம் நின்றது.

ஒருமுறை தேய்த்தது.

டீச்சர் தன் நகத்தைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்று உறையை நீட்டினார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் தண்ணி விட்டுட்டீங்களா சார்? மெழுகு இருக்கற பக்கத்த விட்டுட்டு அறுங்க."



அவர் கத்தியை எடுத்தார். மறுபக்கம் பளபளவென்று, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அங்கே வெட்டினால் போதும். யாருக்கும் தெரியாது.

வரிசை காத்திருந்தது.

அவர் பழத்தைத் திருப்பினார். பச்சை இதழை விரலால் தூக்கி, கடைசி ஆள் வரைக்கும் தெரியும்படி பிடித்தார்.

சிவப்புத் துளியின் மேல் கத்தியை வைத்தார்.

வரிசையில் பேச்சு நின்றது. சில உறைகள் கீழே இறங்கின.

டீச்சரின் உறை நீட்டியபடியே இருந்தது.