நார்த் டகோட்டா வரும் வரை

"அந்த அம்மா பாத்ரூமுக்குப் போனாலும் நீ வாசல்ல நிக்கணும். புரியுதா?" என்றார் கானலி.

"நாலு நாளா அங்கதானே சார் நிக்கிறேன்," என்றான் லேலண்ட் பர்டி.

சிகாகோ மாநாட்டு மண்டபம் கடல் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கவர்னரா, செனட்டரா என்று இன்னும் சற்று நேரத்தில் ஓட்டெடுப்பு. கானலி கவர்னரின் ஆட்களுக்குத் தலைவர். தலைகளை எண்ணி எண்ணி அவர் குரலே போய்விட்டது.

"அர்லிஸ் அம்மாவைச் சேர்த்தா நமக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம். நார்த் டகோட்டா பேரைக் கூப்பிடறப்ப அவங்க இல்லைன்னா, மாத்துப் பிரதிநிதின்னு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, அவன் போட்டுடுவான். அவன் செனட்டர் ஆளு. அதோட நீயும் உன் போஸ்ட்மாஸ்டர் வேலையை மறந்துடலாம்."

கவர்னர் வந்தால் ஊரில் போஸ்ட்மாஸ்டர் பதவி லேலண்டுக்கு என்று பேச்சு. நெப்ராஸ்காவின் பிரதிநிதியாக அவன் ரயில் ஏறிய அன்றே, அவன் மனைவி தபால் ஆபீஸ் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அர்லிஸ் ஹாகன் நார்த் டகோட்டாவில் கோழிப்பண்ணை வைத்திருப்பவள். திங்கட்கிழமை கவர்னருக்கு என்றாள். செவ்வாய்க்கிழமை செனட்டருக்கு என்றாள். நேற்று, "யோசிச்சுட்டிருக்கேன்" என்றாள். தொப்பியின் ஒரு பக்கம் கவர்னர் பேட்ஜ், மறுபக்கம் செனட்டர் பேட்ஜ்.

லேலண்ட் அவளைத் தேடிப் பிடித்தபோது அவள் கைப்பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறீங்க? ஓட்டெடுப்பு ஆரம்பிக்கப் போகுது."

"பசிக்குது தம்பி. தெருமுனைக் கடையில ஆப்பிள் பை நல்லா இருக்காம்."

"இப்பவா?"

"ஏ பி சி வரிசையிலதானே கூப்பிடுவாங்க. அலபாமால ஆரம்பிச்சு நார்த் டகோட்டாவுக்கு வர்றதுக்குள்ள என் கோழி அடைகாத்துக் குஞ்சே பொரிச்சுடும். நீ வேணா இங்கயே இரு."

இருப்பானா? பின்னாலேயே ஓடினான்.

கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அர்லிஸ் நிதானமாக உட்கார்ந்து ஆப்பிள் பை சொன்னாள். லேலண்ட் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டான்.

"கவர்னர்கிட்ட அப்படி என்னம்மா குறை?"

"கை குலுக்கினாரு. செத்த மீனைத் தொட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்ப செனட்டர்?"

"அவரு குழந்தைக்கு முத்தம் குடுக்கறப்பவும் கேமராவைத்தான் பாக்கறாரு. குழந்தை காதுல முத்தம் விழுந்துச்சு."

ரேடியோவில் கலிபோர்னியா முடிந்து கொலராடோ போய்க்கொண்டிருந்தது.

"நீ சொல்லு. இந்தக் கவர்னருக்காக ஏன் இப்படி அலையற?"

"நாட்டோட நன்மைக்குத்தாம்மா."

"அது சரி. உனக்கு என்ன தர்றாங்க?"

லேலண்ட் காப்பியைக் கலக்கினான். "போஸ்ட்மாஸ்டர் வேலை."

"இப்பதான் மனுஷன் மாதிரி பேசற," என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு துண்டு கேட்டாள்.

கான்சாஸ் போயிற்று. மெய்ன் போயிற்று. லேலண்ட் தன் மனைவியைப் பற்றிச் சொன்னான், திரைச்சீலையைப் பற்றிச் சொன்னான். பதினோரு வருஷமாக அடுத்தவன் தீவனக் கடையில் மூட்டை தூக்குவதையும் சொன்னான். அர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரைச்சீலை என்ன நிறம்?"

"மஞ்சள்மா."

"பாவம் அந்தப் பொண்ணு. சரி, என் ஓட்டு கவர்னருக்குத்தான்."

"நிஜமாவா?"

"சத்தியமா. ஒருத்தர்கிட்ட வார்த்தை குடுத்தா மாத்தமாட்டேன்."

செவ்வாய்க்கிழமையை அவன் ஞாபகப்படுத்தவில்லை. எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரேடியோ அப்போது மிசௌரியைக் கூப்பிட்டது.

"கிளம்பலாம்மா. இன்னும் எட்டு மாநிலம் இருக்கு. மெதுவா நடந்தாலே போதும்."

"இந்தக் காப்பியை முடிச்சுக்கிறேன். சூடா இருக்கு."

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். இப்போது லேலண்டுக்கு அவசரமே இல்லை. சாய்ந்து உட்கார்ந்து, போஸ்ட்மாஸ்டர் தொப்பி தனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தான். மான்டானா போயிற்று.

"நெப்ராஸ்கா," என்றது ரேடியோ.

மண்டபத்தில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். "தலைவர் அவர்களே, எங்கள் பிரதிநிதி லேலண்ட் பர்டியைக் காணவில்லை. அவருடைய இடத்தில் மாற்றுப் பிரதிநிதி ஓட்டளிக்கிறார். அந்த ஓட்டு செனட்டருக்கு."

கடையே சாய்வது போல் இருந்தது லேலண்டுக்கு. மேஜை மேலிருந்த கடிகாரத்தை வாரி எடுத்தான்.

அர்லிஸ் கோப்பையைக் காலி செய்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்தாள்.

"வா தம்பி, போகலாம். என் ஓட்டு கவர்னருக்குத்தான், அதுல மாத்தமே இல்ல," என்றாள். "செனட்டர் ஆளுங்க என் ஓட்டைக் கேக்கவே இல்லையே, நெப்ராஸ்கா முடியற வரைக்கும் உன்னை எங்கயாவது உக்கார வைக்க முடியுமான்னுதான் கேட்டாங்க."