கன்வெர்ட்டருக்கு ஒரு கவசம்

"சத்தம் போடாதீங்க, தூக்கம் கலைஞ்சிடப் போகுது" என்று அதட்டிக்கொண்டே ஸ்பானரை நீட்டினாள் மனைவி.

"இன்னும் ஒரு போல்ட்தான்" என்றார், காருக்கடியில் மல்லாந்து கிடந்த பஸ் மெக்கானிக். "எதிர்வீட்டுக் கார்ல புகைக்குழாயில இருக்கற கன்வெர்ட்டரை, உள்ள இருக்கற பிளாட்டினத்துக்காக அறுத்துட்டுப் போனவன் இங்கேயும் வரட்டும். இந்த இரும்புத் தகட்டைப் பார்த்துட்டு வெறுங்கையோடதான் திரும்புவான்."

கடைசி போல்ட் இறுகியபோது வாசல் கதவு படீரென்று திறந்தது. நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நர்ஸ் அலறினாள்.

"யாரது, என் கார் அடியில?"

கிரீஸ் அப்பிய முகம் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, நீங்களா! என்ன வேலை இது?"

"வாரம் மூணு தடவை எங்க பொண்ணை டயாலிசிஸுக்கு ஏத்திட்டுப் போறீங்க. நன்றின்னு வாயைத் திறந்தாலே கதவைச் சாத்திடுறீங்க. அதான்மா, உங்க வண்டிகிட்டயே சொல்லிட்டிருந்தேன்."