பொட்டலம்

அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஐரோப்பாவுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நாளை பயணத்தின் கடைசி நாள். அம்மாவுக்குப் பனிமலை வேண்டும், அப்பாவுக்குக் கடல்.

"உங்கப்பாவைக் கடலுக்குப் போகச் சொல்லு. நான் மலைக்குப் போறேன்."

"நீ யாரோட வர்றே, மிருது?" என்றார் அப்பா.

ஊருக்குத் திரும்பி இருவரும் பிரியும்போதும் இதையேதான் கேட்கப்போகிறார்கள்.

"கோயில்ல பூக்கட்டிப் பாப்போமே, அது மாதிரி பாக்கலாம். எது வருதோ, மூணு பேரும் அங்கதான்!" என்று கத்தினேன்.

பூவுக்கு எங்கே போவது? ஓட்டல் மேசையிலிருந்த சர்க்கரையை மலைக்கும் உப்பைக் கடலுக்கும் வைத்து, டிஷ்யூவில் பொட்டலம் மடித்து, அம்மா குலுக்கிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

"கடல்தான்! பந்தயம்!" என்றார் அப்பா.

"ஆசை தோசை! எம்பொண்ணு எடுத்தா மலைதான்" என்றாள் அம்மா, நேராக அப்பாவைப் பார்த்து.

"காட்டுடி, மிருது!"

இருவரும் சிரித்துக்கொண்டே என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். அவர்கள் கைகள் என் கைமேல் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. நான் இன்னும் இறுக்கினேன். வியர்வையில் டிஷ்யூ நனைந்து, உள்ளே இருந்தது கரையத் தொடங்கியது.